தைப் பட்டத்து வீட்டுத் தோட்டமும் குடக் கணக்கும்

பொங்கல் கழிந்து, சம்பா நெல் களம் வந்து சேரும் இந்நாட்களில், நான் தணிக்கைக்காகச் செல்லும் கிராமங்களிலெல்லாம் சங்க அங்கத்தினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "வேலை சற்று ஓய்ந்திருக்கிறது, வீட்டுக் கொல்லையில் ஏதேனும் காய்கறி போடலாமா?" என்பதே அக்கேள்வி. தாராளமாய்ப் போடலாம் என்பதே விடை. ஆயினும், எவ்வளவு நிலத்தில் போடுவது, எந்தத் தேதிக்குள் போடுவது என்னும் இரண்டு விஷயங்களையும் முன்னதாகத் தீர்மானித்துக்கொள்ளாமல் விதைப்பவர்கள் தை மாதத்தில் மகிழ்ந்து சித்திரை மாதத்தில் வருந்துகிறார்கள். அவ்விரண்டு விஷயங்களையும் பற்றியே இங்கு விவரிக்கக் கருதுகிறேன்.

மேல்நாட்டார் எழுதிய தோட்டப் புஸ்தகங்களில் வசந்த காலத் தோட்டத்தைப் பற்றி மிக விரிவாகச் சொல்லப்பட்டிருக்கும். அவர்களுக்கு வசந்தம் என்பது உறைபனி நீங்கி, மண் இளகி, வளர்ச்சி ஆரம்பிக்கும் காலம். அதனால் அங்குள்ள தோட்டக்காரர், குளிர் எப்பொழுது ஒழியும் என்று பார்த்து, அன்றுமுதல் நாட்களை முன்னோக்கி எண்ணுகிறார். நமது ஜில்லாக்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஐப்பசி கார்த்திகை மழையினால் மார்கழியில் நிறைந்து நிற்கும் கிணறு, தை மாசியில் மெல்ல இறங்கி, சித்திரை வைகாசியில் அடிமண்ணைக் காட்டுகிறது. நமது பருவம் நல்ல காலத்தில் தொடங்கிக் கொடிய காலத்தில் முடிவது. ஆகையால் நாம் தண்ணீர் எப்பொழுது குறையும் என்று பார்த்து, அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இந்த விஷயத்தை நான் புஸ்தகத்தில் படித்து அறிந்தேனல்லேன். என்னுடைய தவறு ஒன்றினாலேயே அறிந்தேன். அதனை ஒளிக்காமல் சொல்லிவிடுவது பிறருக்கு உபயோகமாயிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வானம் பார்த்த பூமியாகிய ஒரு பிர்க்காவில், ஒரு சங்கத்தின் நிர்வாக சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வீட்டுத் தோட்டம் போட மிக்க ஆவல் கொண்டிருந்தார். அவர் வீட்டின் பின்புறம் 5 சென்ட் நிலம் சும்மா கிடந்தது. நான் ஒரு காகிதத்தில் அழகாகக் கட்டம் போட்டு, இந்தக் கட்டத்தில் கத்தரி, இந்தக் கட்டத்தில் வெண்டை, இங்கே தக்காளி, அங்கே மிளகாய் என்று எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை செடி என்ற எண்ணிக்கையையும் குறித்துக் கொடுத்தேன். தை மாதக் கடைசியில் எல்லாம் ஒரே சமயத்தில் விதைக்கப்பட்டன. மாசியில் பார்த்தபொழுது கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு சித்திரை நடுவில் வேறொரு காரியமாக அவ்வூருக்குச் சென்றேன். 5 சென்ட் நிலமும் காய்ந்த குச்சிகளாக நின்றது. ஆனால் துணி துவைக்கும் கல்லின் ஓரத்தில், ஒரு பாய் விரிக்கும் அளவுள்ள இடத்தில் மட்டும், இரண்டு கத்தரிச் செடிகளும், ஒரு பூசணிக் கொடியும், சிறிது கீரையும் பச்சென்றிருந்தன. அது பெரியவருடைய மனைவியார் தாமாகப் போட்டது.

"அம்மா, இது மட்டும் எப்படிப் பிழைத்தது?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சிறிது தயங்கிவிட்டு, "ஐயா, தாங்கள் கொடுத்த காகிதத்தில் செடி எத்தனை என்று எழுதியிருந்தது. குடம் எத்தனை என்று எழுதவில்லையே" என்றார். பங்குனி மாதம் முழுவதும் அவரும் அவர் மருமகளும் காலையில் 30 குடம், மாலையில் 30 குடம் என்று தெருக்கிணற்றிலிருந்து சுமந்திருக்கிறார்கள். கிணறு இறங்க இறங்க ஒரு குடம் நிரம்புவதற்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசியில் மருமகளுக்கு இடுப்பு வலி கண்டு கைவிட்டுவிட்டார்கள். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று அங்கே நிற்க வெட்கமாயிருந்தது. தோட்டத்தைப் பற்றி நான் அந்த வீட்டு ஆடவரிடம் மூன்று முறை பேசியிருந்தேன். தண்ணீர் சுமக்கப் போகிறவர்களிடம் ஒரு முறையும் பேசவில்லை.

குடக் கணக்கு

அன்றுமுதல் நான் எந்த அங்கத்தினர் தோட்டம் பற்றிக் கேட்டாலும், முதலில் குடத்தைக் கணக்கிடச் சொல்கிறேன். கணக்கு கடினமானதன்று. கோடையில் நமது சமவெளிகளில், பயிர் மூடியிருக்கும் நிலத்திலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாய்ப் போகிறது. கடும் வெயிலில் அதற்கு மேலும் போகும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடிக்குச் சற்று அதிகம், அதாவது சுமார் 40 சதுர மீட்டர். 40 சதுர மீட்டரில் 5 மில்லிமீட்டர் என்றால் 200 லிட்டர். நமது பெண்மக்கள் இடுப்பில் எடுக்கும் குடம் 13 முதல் 15 லிட்டர் வரை கொள்ளும். எனவே ஒரு சென்ட் தோட்டம் கோடையில் தினந்தோறும் 14 அல்லது 15 குடம் குடிக்கும். நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்த 5 சென்ட் தோட்டத்துக்கு 70 குடத்துக்கு மேல் வேண்டும். அந்த இரண்டு ஸ்திரீகளும் 60 குடம் சுமந்தும் செடிகள் வாடிய காரணம் இதுவே.

இனி வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு குடம் வீதம் குளிக்கும் தண்ணீர் 5 குடம் வீணாகத் தெருவில் ஓடிக் கொசுவை வளர்க்கிறது. பாத்திரம் கழுவிய நீர் 2 குடமாவது இருக்கும். இவையன்றி, நாள்தோறும் இரண்டு அல்லது இரண்டரைக் குடம் புதுத் தண்ணீர் சிரமமின்றித் தோட்டத்துக்குக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டால், பாத்திர நீரைத் தனியே நிறுத்திவிட்டு, ஏழு குடம் சேருகிறது. ஏழு குடத்துக்கு ஏற்ற நிலம் அரை சென்ட். 12 அடி அகலம், 18 அடி நீளம், நடைவழி நீங்கலாக. இதற்கு மேல் ஒரு அடியும் கோடைக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். நிலம் நிறைய இருக்கிறதே என்பவர்கள் மிச்சத்தை ஆடி மாதத்துக்கு வைத்திருக்கலாம். மோட்டாரும் குழாயும் உள்ள வீட்டாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். கிணற்றடியில் நீர் இல்லாதபொழுது மோட்டார் எதையும் உண்டாக்கித் தராது.

நிலத்தைப் பிரிக்கும் விதம்

மேற்சொன்ன 12 அடிக்கு 18 அடியில், ஒரு கோடியில் 6 அடியை ஒதுக்கி, 4 அடி அகலமுள்ள மூன்று கீரைப் பாத்திகளாகக் கட்டவேண்டும். எஞ்சிய 12 அடிக்கு 12 அடியே காய்களுக்குரிய இடம். அதில் இரண்டடிக்கு ஒன்றாக 12 கத்தரிச் செடிகளும், ஒன்றரை அடி இடைவெளியுள்ள மூன்று வரிசைகளில் அடிக்கு ஒன்றாக வெண்டையும், இரண்டு வரிசை கொத்தவரையும் அடங்கும். ஓரத்தில் மீதமாகும் துண்டில் நாலைந்து மிளகாய்ச் செடி நடலாம். தக்காளியை நான் சேர்க்கவில்லை. இரவும் வெப்பமாயிருக்கும் சித்திரையில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அவரையும் இப்பொழுது கூடாது. அது பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பூக்கும் சுபாவமுடையது. ஆடியில் ஊன்றினால்தான் மார்கழியில் காய்க்கும். தையில் ஊன்றிய நாட்டு அவரை, பந்தல் முழுவதும் இலையாகப் படர்ந்து வீட்டாரை ஏமாற்றும்.

கீரைப் பாத்திகளின் பிரயோஜனமே பெரிது. ஆதலால் அதைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். மூன்று பாத்திகளையும் ஒரே நாளில் விதைக்கலாகாது. இன்று ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று, மேலும் பத்து நாள் கழித்து ஒன்று என்று விதைக்க வேண்டும். முளைக்கீரை 25 நாளில் பிடுங்கத் தகுதியாகும். பிடுங்கிய பாத்தியைக் கொத்தி, ஒரு கூடை மக்கிய எரு இட்டு, மறுபடி விதைத்தால், பத்து நாளைக்கு ஒரு பாத்தி வீதம் தட்டின்றி வந்துகொண்டேயிருக்கும். 4 அடிக்கு 6 அடிப் பாத்தி ஒன்றில் சுமார் 2 கிலோ கீரை கிடைக்கும். அடர்ந்தவற்றை முதலில் கலைத்து எடுத்து, எஞ்சியவற்றை வளரவிட்டால், ஐந்து பேருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மசியலுக்குக் குறைவிராது. விதை மிகப் பொடியாகையால் பத்துப் பங்கு மணலுடன் கலந்து தூவி, மேலே கையால் இலேசாக மண்ணைத் தடவிவிட வேண்டும். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லாதபடி பாத்தியைச் சுற்றிச் சாம்பலைக் கோடாக இடுவது நமது பாட்டிமார்கள் கண்ட உபாயம். மூன்றில் ஒரு பாத்தியை அரைக்கீரைக்கென்றே விட்டுவிடுவதும் உண்டு. அதை வேரோடு பிடுங்காமல் அறுத்து அறுத்து எடுக்கலாம்.

கீரையை இவ்வளவு வற்புறுத்துவானேன் என்று சிலர் நினைக்கலாம். குன்னூரில் டாக்டர் அய்க்ராய்டு என்பவரின் தலைமையில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தார், நமது நாட்டு உணவுப் பொருள்களைப் பரிசோதித்து, அவற்றிலுள்ள சத்துக்களின் அட்டவணையை 1937-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். அந்நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அரிசியே பெரும்பாகமாயுள்ள சாப்பாட்டில் குறைவுபடும் சத்துக்களுள் ஒன்று கண்ணைக் காக்கும் வைட்டமின் ஏ. மாலை மங்கியதும் குழந்தை தடுமாறி நடக்கும் மாலைக்கண் நோய்க்கு அதன் குறைவே முக்கிய காரணம். முற்றினால் கண்ணே போய்விடும். முளைக்கீரை, முருங்கைக்கீரை, அகத்தி இவைகளிலுள்ள பொருள் உடலில் அந்த வைட்டமினாக மாறுகிறது. கீரையை வேகவைத்து நீரைக் கொட்டிவிடாமல், ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் உடல் அதை நன்றாக ஏற்கும். அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்தைத் தவறாமல் கொடுக்கவேண்டியதுதான். அத்துடன் கொல்லையில் கீரையும் இருக்கட்டும்.

உயரமான செடிகளை எத்திசையில் வைப்பது என்பதிலும் மேல்நாட்டுப் புஸ்தகம் நமக்கு உதவாது. அவர்கள் வடபுறத்தில் வைக்கச் சொல்வார்கள், சூரியன் எப்பொழுதும் தெற்கே சாய்ந்திருப்பதால். நமக்கோ சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. நம் செடிகளைக் கொல்வது பிற்பகல் வெயிலே. ஆகையால் அகத்தி, பப்பாளி, வாழை ஆகியவற்றை மேற்குப் பக்கத்தில் நட்டு, அவற்றின் நிழல் பிற்பகலில் கீரைப் பாத்தியின்மேல் விழும்படி செய்வது உசிதம். முருங்கைப் போத்தை இப்பொழுது நடவேண்டாம். மழைக்காலமே அதற்கு ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989-ல் வெளிவந்த விதை முருங்கையையும் அப்பொழுதே ஊன்றலாம். இடத்தை மட்டும் இப்பொழுதே குறித்து, அங்கே குப்பையைக் கொட்டி வாருங்கள்.

பின்னோக்கி எண்ணுதல்

அக்கினி நட்சத்திரம் பிறப்பதற்குள் எந்தச் செடியும் வேர் இறங்கி நிலைத்திருக்க வேண்டும் என்பதே கணக்கின் ஆதாரம். கத்தரி நாற்று மேட்டுப் பாத்தியில் 30 முதல் 35 நாள் இருக்கவேண்டும். நட்டபின் முதற்காய் பறிக்க மேலும் சுமார் 60 நாள் ஆகும். தை முதல் வாரத்தில் நாற்று விட்டவர் மாசி முதல் வாரத்தில் நட்டு, சித்திரைப் பிறப்பில் முதற்காய் பறிப்பார். அவர் செடிக்குச் சித்திரை வெயிலைத் தாங்கும் வேர் இருக்கும். மாசிக் கடைசியில் நாற்று விட்டவரோ, சித்திரையில் இளநாற்றைக் கொதிக்கும் மண்ணில் நடுவார். அவர் என்ன தண்ணீர் ஊற்றினும் பலன் அற்பமே.

வெண்டைக்கு அவ்வளவு அவசரமில்லை. விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து மாசியில் நேராக ஊன்றினால் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கொத்தவரை எல்லாவற்றிலும் பொறுமையுள்ளது. தண்ணீர் ஒருநாள் தவறினாலும் முகம் வாடாது. புடல், பாகல், பீர்க்கு, பூசணி இவைகளுக்கு ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, முளைத்தபின் திடமான இரண்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். இக்குழிகளை அரை சென்ட்டுக்கு வெளியே, பாத்திரம் கழுவும் இடத்தருகே எடுத்தால், நாம் தனியே நிறுத்திவைத்த அந்த இரண்டு குடம் நீர் இவற்றுக்கே போதுமானது. பந்தலைக் கீரைப் பாத்தியின்மேல் நீட்டிவிட்டால் நிழலும் கிடைக்கும்.

தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் வழிகளில் நான் நேரில் கண்டு திருப்தியடைந்தவை இரண்டே. முதலாவது, மூடாக்கு. வைக்கோற்கூளம், சருகு, கடலைத் தோல், கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அதை நாலு விரற்கடை உயரம் செடிகளின் அடியில் பரப்பிவைத்தால், மாலையில் விட்ட நீர் மறுநாள் மாலையிலும் மண்ணில் இருக்கக் காணலாம். இரண்டாவது, சுட்ட மண்பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடி, சுற்றிலும் கொடிவிதைகளை ஊன்றுவது. நீர் பானையின் மேனியில் மெதுவாகக் கசிந்து வேருக்கே போய்ச் சேரும். மேலே காய்ந்த மண் இருப்பதால் களையும் குறைவு. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் நிரப்பினால் போதும். மெருகிட்ட பானையோ, வர்ணம் பூசிய பானையோ உதவாது.

குளியல் நீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சோப்பு கலந்த நீரை வாய்க்கால் வழியே கத்தரி, வெண்டை, வாழை இவற்றின் அடியில் பாய்ச்சலாம். கீரையின்மேல் ஊற்றவே கூடாது. கீரைக்குப் புதுத் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் மட்டுமே. வெளுப்புத்தூள் கரைத்த நீர் எந்தச் செடிக்கும் ஆகாது. நீர் ஓடிவரும் வழியில் மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய ஒரு சிறு குழியும், அதன் அருகே நாலு கல்வாழையும் இருந்தால் துர்நாற்றம் உண்டாகாது.

எரு சென்ட்டுக்கு 100 கிலோ. நமக்கு வேண்டியது 50 கிலோவே. நன்றாக மக்கியதாயிருத்தல் அவசியம். பச்சைச் சாணத்தைக் கோடையில் இட்டால் கரையானை வரவழைத்ததாகும். பூச்சிகளுக்கு, வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பது பெரும்பாலும் போதும். மஞ்சள் நரம்பு கண்ட வெண்டைச் செடியை மட்டும் தயவு பாராமல் பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஆடு கோழிகளுக்கு வேலி போடாமல் விதைப்பவருக்கு நான் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

சங்கம் செய்யக்கூடியது

கத்தரி விதை ஒரு கிராமில் இருநூறு வரை இருக்கும். ஒரு வீட்டுக்கு வேண்டியது 12 நாற்று. ஆகவே பத்து வீட்டார் பத்துப் பொட்டலம் வாங்குவது பணத்தை வீசுவதாகும். கிணற்றருகே நிழலான இடமுள்ள ஓர் அங்கத்தினர் வீட்டில் பத்து வீட்டுக்கும் நாற்று விட்டு, மற்றொருவர் மிளகாய் நாற்று விட்டு, மாசி பிறந்ததும் பங்கிட்டுக் கொள்ளலாம். விதையைச் சங்கத்தின் மூலம் தோட்டக்கலை இலாகாவிலிருந்து மொத்தமாக வாங்கலாம். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கென்று சங்கத்தில் கடன் கேட்கவேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் என்ற முறையில் அல்ல, உங்கள் நண்பன் என்ற முறையில் சொல்லுகிறேன். வட்டி கொடுத்து வளர்க்கத்தக்கதன்று இத்தோட்டம். காய் வாங்கக் கடைக்குப் போகும் காசு வீட்டில் தங்குவதே இதன் லாபம்.

மாசி மாதக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு அங்கத்தினரும் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொண்டு வரவேண்டுகிறேன். தமது வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை குடம் நீர் கழிகிறது. சென்ற சித்திரையில் தாம் நீர் எடுக்கும் கிணறு எத்தனை முழம் கயிற்றுக்கு இறங்கியிருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடப்போகிறவர் யார், அவர் நாளொன்றுக்கு எத்தனை குடம் கொடுக்க ஒப்புகிறார். கயிற்றில் இப்பொழுதே ஒரு முடிச்சுப் போட்டு, மாதப் பிறப்புதோறும் நீர்மட்டத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு வந்தால், அடுத்த வருஷம் இக்கணக்குக்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தவர் வீட்டு அம்மாளே. ஆதலால் இம்முறை கூட்டத்தை மாலையில் விளக்கு வைப்பதற்கு முன்பே, அவர்களும் வந்திருக்க வசதியான நேரத்தில் கூட்டும்படி காரியதரிசிகளுக்குத் தெரிவித்திருக்கிறேன். காகிதமும் பென்சிலும் நான் கொண்டு வருகிறேன். கட்டங்களை அவர்கள் சொல்லும் எண்ணிக்கையைக் கேட்ட பிறகே போடுவோம்.